தங்கம் பூத்த கார்

என் தாய்மாமாவை அவர் வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘சொரசொரப்பு’ என்பார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். கோபமெல்லாம் கிடையாது. அந்தப் பெயரில் ஒரு பொறுப்பு இருப்பதாக அவர் நினைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊருக்குள் வரும் புதுக் கார்கள் முதலில் மாமாவின் கைக்குத்தான் வரும். தொழிற்சாலையிலிருந்து சரக்கு ரயிலில் வந்து இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் வரிசையாக நிற்கும். அவற்றைச் சுத்தம் செய்து ஷோரூமுக்கு அனுப்புவது அவர் வேலை. வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றித் துணியால் துடைப்பார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி யாராவது சொல்லிவிட்டால் மாமாவின் முகம் வாடிப்போகும். சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை எடுப்பார். ரொட்டி வாங்கினால் வரும் பைதான். அதைக் கையுறை மாதிரி வலது கையில் மாட்டிக்கொள்வார்.

“வெறுங்கைய வச்சா பெயின்ட் வழவழன்னுதான் இருக்கும். பைய மாட்டிட்டு தடவிப் பாரு. அப்பத்தான் வண்டி பேசும்.”

“என்ன மாமா பேசும்?”

“அழும்.”

ரயில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சக்கரத்திலிருந்து இரும்புத் தூள் பறக்கும். அது சூடாக வந்து புது பெயின்டில் குத்தி உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. சோப்புக்கும் தண்ணீருக்கும் அசையாது. ஈரம் பட்டால் துருப்பிடித்து, பெயின்டை மெல்ல மெல்லத் தின்ன ஆரம்பிக்கும். இதற்கு மாமாவிடம் இரண்டு வைத்தியம் உண்டு. முதலில் ஒரு மருந்தைத் தெளிப்பார். இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் கரைந்து வழியும், அழுகிய முட்டை நாற்றத்தோடு. அதற்கும் அசையாததை, சோப்புத் தண்ணீர் விட்டு, பிசைந்த மாவு போன்ற ஒரு சாம்பல் நிறக் கட்டியால் தேய்த்து எடுப்பார். களிமண் என்று அதற்குப் பெயர். அந்தக் களிமண் கை தவறித் தரையில் விழுந்துவிட்டால் அவ்வளவுதான், குப்பைக்குப் போய்விடும். ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் வண்டியைக் கீறிவிடுமாம்.

“கீழ விழுந்தா அது களிமண் இல்ல, உப்புத்தாள்” என்பார். அவர் வாழ்க்கையில் சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

வீட்டிலும் அவர் கை சும்மா இருக்காது. சாப்பாட்டுத் தட்டு, ஜன்னல் கண்ணாடி, புதிதாக வெள்ளையடித்த சுவர் எல்லாவற்றையும் பை மாட்டித் தடவிப் பார்ப்பார். அத்தை ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை செய்பவர். பகல் முழுவதும் மெதுவாகப் பேச வேண்டியிருப்பதால் வீட்டுக்கு வந்ததும் அதற்கும் சேர்த்து உரக்கப் பேசுவார்.

“ரொட்டியெல்லாம் அம்மணமா கிடந்து காயுது. பை எங்கன்னு கேட்டா இவர் கையில இருக்கு” என்பார். “கல்யாணம் பேசினப்ப என் கையையே பை மாட்டித்தான் தொட்டுப் பார்த்தார், தெரியுமா?”

“தொட்டுட்டு என்ன அத்தை சொன்னார்?”

“பரவாயில்லைன்னார்.”

மாமா அப்போதெல்லாம் ஜன்னல் பக்கம் பார்ப்பார்.

எங்கள் அப்பாவுக்கு மாமாவின் தொழிலைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. அப்பா குடிநீர் அலுவலகத்தில் பிரிவு அதிகாரி. வீட்டுக்கு யாராவது வந்திருக்கும்போது மாமாவும் வந்துவிட்டால், “இவர் வந்து… வாகனத் துறையில இருக்கார்” என்று அறிமுகம் செய்துவிட்டுக் கைக்கடிகாரத்தைத் திருகுவார். மனதறிந்து ஒன்றை மழுப்பும்போது அப்பாவின் கை தானாகக் கடிகாரத்துக்குப் போய்விடும். மற்றபடி மாமா வந்தால் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து “வாங்க” என்று ஒரு குரல் வரும். “உட்காருங்க” என்பது வராது. மாமா வாசலை ஒட்டி, செருப்பு மாட்டுவதற்காகப் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். அங்கே உட்காரச் சொன்னவர்களும் இல்லை, இங்கே வந்து உட்காருங்கள் என்று சொன்னவர்களும் இல்லை. அப்பா அவரை முறை சொல்லிக் கூப்பிட்டும் நான் கேட்டதில்லை. “இங்க பாருங்க” என்றுதான் பேச்சைத் தொடங்குவார். மாமா பார்ப்பார்.

அம்மாவுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. வெளியே சொன்னதில்லை. மாமா வந்துவிட்டுப் போன அன்றைக்கெல்லாம் அந்த முக்காலியைக் கொஞ்சம் வேகமாகத் துடைப்பார்.

இப்படி இருக்கையில் அப்பா கார் வாங்க முடிவு செய்தார். எதிர்வீட்டு ஆடிட்டர் வாங்குகிறார் என்பதுதான் காரணம். இரண்டு பேரும் ஒரே மாதிரி வண்டிக்கு, ஒரே வெள்ளைக்குச் சொல்லிவைத்தார்கள். இரண்டும் ஒரே ரயிலில் வந்து இறங்கின. ஆடிட்டரின் வண்டி தெருவுக்குள் நுழைவதற்கு முன் தன் வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்பது அப்பாவின் லட்சியம். காலையிலேயே நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

“அத்தான், சாயங்காலம் வரைக்கும் விடுங்க. சுத்தம் பண்ணித் தந்துடறேன்” என்றார் மாமா.

“இங்க பாருங்க, இது புது வண்டிதானே?”

“புது வண்டிதான்.”

“புதுசுல ஏது அழுக்கு?”

“புதுசுலதான் அத்தான் அழுக்கு. பழசுல இருக்கறது கண்ணுக்குத் தெரிஞ்சுடும்.”

“தத்துவமெல்லாம் அப்புறம் பேசலாம். சாவியக் குடுங்க.”

மாமா ரொட்டிப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு ஏதோ காட்ட வந்தார். அப்பா அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். கொட்டகை வாசலில் பையைப் போட்ட கையோடு மாமா நின்றது, வழியனுப்புவது போலவும் இருந்தது, தடுப்பது போலவும் இருந்தது.

ஆடிட்டரின் வண்டி மறுநாள் வந்தது, மாமாவின் கைபட்டு.

சில வாரங்களில் மழை வந்தது. விட்டுவிட்டுப் பெய்து ஒரு காலையில் வெயில் அடித்தது. அப்பா வாசலில் நின்று கத்தினார்.

“இங்க வாங்க எல்லாரும்! சீக்கிரம்!”

வண்டி திருடுபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அம்மா கரண்டியோடு ஓடினார். வண்டி அங்கேயேதான் நின்றது. ஆனால் வெள்ளைக்கு மேல், முகப்பிலும் கூரையிலும் கதவுகளிலும், பொன்னிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ பூத்திருந்தது. ஈரத்தின் மேல் வெயில் பட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். கண்ணாடி போட்டால் வயதாகித் தெரியும் என்று அதை அலுவலக மேஜைக்குள்ளேயே வைத்திருப்பார்.

“தங்கத்தத் தெளிச்ச மாதிரி இல்ல?”

“புள்ளி புள்ளியா இருக்குங்க” என்றார் அம்மா.

“புள்ளின்னு சொல்லாத. துகள்.”

சத்தம் கேட்டு ஆடிட்டர் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்தார். எங்கள் வண்டியைப் பார்த்தார். திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். அது வெறும் வெள்ளையாக, நோட்டுப் புத்தகத்தின் எழுதாத பக்கம் மாதிரி நின்றது.

“என்ன சார் இது?”

“ஸ்பெஷல் கலர் சார். உள்ளுக்குள்ள போட்டிருக்கான். வெயிலும் மழையும் பட்டா மேல வரும்.” அப்பாவின் கை கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தது.

“என் வண்டில வரலையே?”

“எல்லாத்துலயும் வராது. இது என் மச்சான் எனக்குன்னு தனியா எடுத்து வச்ச வண்டி.”

அம்மா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டார். ‘மச்சான்’ என்ற சொல் அப்பாவின் வாயிலிருந்து வந்து அவர் கேட்டது அதுதான் முதல்முறை.

அன்று மாலையே மாமாவுக்கும் அத்தைக்கும் சாப்பாட்டு அழைப்பு போனது. மாமா வரும்போதே வண்டியைப் பார்த்துவிட்டார். அவசரமாகப் பையை மாட்டிக்கொண்டு முகப்பைத் தடவினார். முகத்தில் ஈயாடவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் உள்ளே வந்தார். ஆனால் அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். சாப்பாட்டு மேஜையில் தன் பக்கத்து நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

“வாங்க மச்சான். உட்காருங்க.”

மாமாவுக்கு எங்கே உட்காருவது என்று புரியவில்லை. வாசல் பக்கம் பார்த்தார். முக்காலி அங்கே இல்லை. அம்மா அதைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டிருந்தார். கடைசியில் மாமா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், அழைத்தது வேறு யாரையோ, நிஜமானவர் வந்தால் எழுந்துகொள்ள வேண்டும் என்பது போல.

சாப்பிட்டு முடித்ததும் கை கழுவும் சாக்கில் சமையலறைக்குள் வந்தார்.

“அக்கா, அது தங்கம் இல்ல. துரு.”

அம்மா குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார். “மெதுவாப் பேசு.”

“வண்டி முழுக்கத் துரு அக்கா. இப்படியே விட்டா பெயின்ட அரிச்சுடும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல.”

“இன்னைக்கு உன்ன என்னன்னு கூப்பிட்டார்?”

மாமா கழுவிய கையை மறுபடி கழுவினார்.

“சொல்லேன்டா.”

“மச்சான்னு.”

“அப்புறம்?”

“உட்காருங்கன்னார்.”

“அப்ப போய் உட்காரு” என்றார் அம்மா. குழாயை மூடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, தண்ணீர் தெறித்ததா என்று தெரியவில்லை.

மாமா போய் உட்கார்ந்தார். அதன் பிறகு வாரா வாரம் வந்து உட்கார வேண்டியிருந்தது. வரும்போதெல்லாம் அப்பா எழுந்து நிற்பார். வரும்போதெல்லாம் துரு இன்னும் கொஞ்சம் சிவந்திருக்கும். மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருமுறை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

“அத்தான், வண்டிய ஒரு தடவ சுத்தம் பண்ணித் தரட்டுமா?”

“பண்ணினா இந்தத் தங்கம் போயிடாது?”

“போயிடும்.”

“அப்புறம் எதுக்கு மச்சான்?”

இதற்குப் பதில் இருந்தது. மாமா ஒரு வாய்த் தண்ணீரோடு அதை விழுங்கினார்.

இதற்கிடையில் ஆடிட்டர் வயிற்றெரிச்சல் தாங்காமல் ஷோரூமுக்குப் போய் மேஜையைத் தட்டிவிட்டு வந்திருந்தார். அதே வண்டி, அதே நிறம், எதிர்வீட்டுக்குத் தங்கம், எனக்குச் சுண்ணாம்பா? சரிசெய்து கொடுங்கள், இல்லாவிட்டால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஷோரூம் மேனேஜர் நிறப் பட்டியலை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தார். வெயிலிலும் டையைத் தளர்த்தாத மனிதர்.

“அது என்னங்க தங்கக் கலர்? பட்டியல்லயே இல்லையே?”

“துரு சார்” என்றார் மாமா.

மேனேஜர் சுற்றும்முற்றும் பார்த்தார். “அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க. அவர் வண்டிய அனுப்பி வைக்கிறேன். அதுலயும் போட்டுக் குடுத்துடுங்க.”

“சார், நான் எடுக்கறவன். போடறவன் இல்ல.”

“எடுக்கத் தெரிஞ்சவருக்குப் போடத் தெரியாதா?”

ஆடிட்டரின் வண்டியைக் கொட்டகைக்கு வெளியே, ரயில்கள் பிரேக் பிடிக்கும் வளைவை ஒட்டி, வேலியோரமாக நிறுத்திவைத்தார்கள். மழையும் நின்றுபோயிருந்தது. அதனால் மேனேஜர் உத்தரவுப்படி மாமா காலையும் மாலையும் பூவாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், கூரையிலும் முகப்பிலும் தெளித்துவிட்டு வந்தார். கூட வேலை செய்கிறவர்கள் விடுவார்களா?

“என்ன சொரசொரப்பு, நாத்து முளைச்சிடுச்சா?”

“உரம் கிரம் போடணும்னா சொல்லுப்பா!”

மாமா பூவாளியை நிரப்பிக்கொண்டு நடப்பார். அந்த வண்டியை மட்டும் அவர் பை மாட்டித் தடவவே இல்லை. தண்ணீர் ஊற்றும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினார் என்று அத்தை சொன்னார்.

விளைச்சல் அமோகம். தண்டவாளத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இதுவரை எந்த வண்டியும் நின்றதில்லை. ஆடிட்டர் அதை எங்கள் தெருவுக்குள் நடந்துபோகிறவர்களைவிட மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வாசலில் நிறுத்தி, ஒரு காரணமும் இல்லாமல் ஹாரன் அடித்தார்.

அப்பா எதிர்வீட்டு வண்டியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்தார். மறுநாள் மாமா வந்தபோது அப்பா எழுந்து நிற்கவில்லை. செய்தித்தாள் பாதி உயரத்தில் இருந்தது, ஏறுவதா இறங்குவதா என்று முடிவுசெய்யாமல்.

“அவர் வண்டில நம்மளவிட அதிகமா இருக்கே” என்றார் அப்பா. கொஞ்சம் நிறுத்தி, “மச்சான்” என்று சேர்த்துக்கொண்டார். அந்த இடைவெளியில் அம்மாவின் கையிலிருந்த தட்டு சத்தம் போட்டது.

“நம்ம வண்டிலயும் கொஞ்சம் கூட்டித் தாங்களேன்.”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். மாமா நாற்காலியின் கையை ஒருமுறை தடவிக்கொண்டார், விடைபெறுவது போல.

“ஞாயித்துக்கிழமை கொட்டகைக்குக் கொண்டு வாங்க அத்தான்.”

சனிக்கிழமை அத்தை வந்தார். எங்கள் வீடு நூலகம் இல்லை என்றாலும் அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார்.

“அண்ணி, வீட்ல இருக்கற ரொட்டிப் பையெல்லாம் எடுத்து நீவி அடுக்கி வச்சிருக்கார். சண்டைக்குப் போறவர் மாதிரி இருக்கார்.”

“சொல்லிடுவானா?”

“சொல்லிடுவார். துருவைத் தங்கம்னு வாய் தவறிக்கூட அவருக்குச் சொல்ல வராது. வந்திருந்தா என் கையத் தொட்டுட்டு வேற ஏதாவது சொல்லியிருப்பாரே.”

அம்மா சிரிக்கவில்லை. கொல்லைப்பக்கம் போய் முக்காலியைப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் அப்பா கிளம்பும்போது, “நீயும் கூடப் போ” என்று என்னை அனுப்பினார். எதற்கு என்று சொல்லவில்லை.

மாமா கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வண்டியை உள்ளே நிறுத்தி, தண்ணீர் அடித்துக் கழுவினார். மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தவர், தெளிக்காமல் நின்றார்.

“அத்தான், ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“அது தங்கமும் இல்ல, கலரும் இல்ல. துரு. ரயில்ல வந்த இரும்புத் தூள். அன்னைக்கு நான் எடுத்திருக்கணும். நீங்க சாவிய வாங்கிட்டுப் போயிட்டீங்க. அக்கா முகத்துக்காக இத்தனை நாள் சொல்லல. இன்னும் விட்டா வண்டி பாழாயிடும்.”

மாமா இத்தனை வாக்கியங்கள் சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்ததில்லை. பேசி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பா இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“இத யார்கிட்டயெல்லாம் சொல்லியிருக்கீங்க?”

“அக்காகிட்ட. மேனேஜர்கிட்ட.”

“ஆடிட்டர்கிட்ட?”

“இல்ல.”

“நல்லது” என்றார் அப்பா. “எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான். முக்கியமான விஷயத்துக்கு வெளிய வேற பேர் வச்சிருப்போம்.”

“இல்ல அத்தான், நிஜமாவே துரு.”

“அதத்தான் நானும் சொல்றேன். துரு.” அப்பா கண்ணடித்தார். அப்பாவுக்குக் கண்ணடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மாமா என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மருந்தைத் தெளிக்க ஆரம்பித்தார். பொன்னிறப் புள்ளி ஒவ்வொன்றும் ஊதா நிறமாகி, ஒழுகி, கதவுகள் வழியே கோடு கோடாக இறங்கியது. நாற்றம் கொட்டகையை நிறைத்தது. அப்பா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனால் தள்ளிப் போகவில்லை. வைரம் பட்டை தீட்டுவதைப் பார்ப்பது போல மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுவிவிட்டு மாமா களிமண்ணை எடுத்ததும் அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“எங்கிட்டயும் கொஞ்சம் குடுங்க.”

மாமா ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்து, சோப்புத் தண்ணீரை எப்படி விடுவது, அழுத்தாமல் எப்படி நகர்த்துவது என்று காட்டினார். அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் ஈரத்தில் வழுக்கி, களிமண் தரையில் விழுந்தது. அப்பா குனிந்தார்.

“தொடாதீங்க!”

கொட்டகையின் மறுகோடியில் வேலை செய்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

“அத எடுத்து வண்டி மேல வச்சீங்க, கைய ஒடிச்சுடுவேன்!”

கத்தியது மாமாதான். கத்திய பிறகு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்பாவை அலுவலகத்திலோ வீட்டிலோ இப்படிச் சொன்னவர் யாரும் கிடையாது. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. அப்பா குனிந்தபடியே, சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பது போலக் கையை இழுத்துக்கொண்டார்.

“கீழ விழுந்தா அது களிமண் இல்ல அத்தான்” என்றார் மாமா. “உப்புத்தாள்.”

“சரி” என்றார் அப்பா. “சரிங்க மச்சான்.”

அதைச் சொன்னபோது தங்கம் முக்கால்வாசி சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை ‘மச்சான்’ என்பதற்கு முன்னால் இடைவெளியும் இல்லை.

முகப்பில் ஒரு பாதி முடிந்ததும் மாமா புது ரொட்டிப் பை ஒன்றை எடுத்து அப்பாவின் கையில் மாட்டிவிட்டார். முடிந்த பாதியிலிருந்து முடியாத பாதிக்கு அந்தக் கையை மெல்ல நகர்த்தினார். நடுவில் அப்பாவின் கை நின்றது. தானாகவே திரும்பிப் போனது. மறுபடி வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“மச்சான், இந்தப் பக்கம் ஏதோ பண்ணுதே.”

“அழுது” என்றார் மாமா.

அப்பா கையை எடுக்காமல் இன்னொரு முறை தடவினார். பிறகு வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்து, அழுகிற இடங்களையெல்லாம் விரல் வைத்துக் காட்டிக்கொண்டே இருந்தார். மாமா எடுத்துக்கொண்டே போனார். வேலை முடிந்து மெழுகு போட்டுத் துடைத்தபோது வண்டி அப்பட்டமான வெள்ளையாக நின்றது. ஒரு புள்ளி இல்லை. அப்பா கால்சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதை எப்போது அலுவலகத்திலிருந்து கொண்டு வந்தார் என்று தெரியவில்லை. குனிந்து, நிமிர்ந்து, எல்லாப் பக்கமும் பார்த்தார். மாமா கையைத் துடைத்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போல நின்றார்.

“உள்ள போயிடுச்சு” என்றார் அப்பா.

“என்ன அத்தான்?”

“தங்கம். மேல இருந்தா சொரசொரன்னு இருக்கும். உள்ள இறங்கிட்டா வழவழன்னு ஆயிடும். அப்படித்தானே?”

அவர் கை கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். மாமா பார்த்தாரா என்று தெரியவில்லை.

“அது துரு அத்தான்.”

“துருதான்” என்றார் அப்பா. “ஆடிட்டர் கேட்டாலும் அதையே சொல்லுங்க.”

ஆடிட்டர் கேட்கத்தான் செய்தார். தங்கம் எங்கே போயிற்று சார் என்று சிரித்துக்கொண்டே வந்தவரின் கையில் அப்பா ஒரு ரொட்டிப் பையை மாட்டிவிட்டார். முதலில் அவருடைய வண்டியைத் தடவச் சொன்னார். பிறகு எங்களுடையதை. ஆடிட்டரின் சிரிப்பு எங்கள் வண்டியின் மேல் வழுக்கிக்கொண்டு போய்க் காணாமல் போனது.

“உங்களோடது இன்னும் மேலயே நிக்குது சார்” என்றார் அப்பா, ரொம்ப அனுதாபமாக.

மறுநாளே ஆடிட்டர் கொட்டகை வாசலில் நின்றார், உள்ளே இறக்கித் தரச் சொல்லி. தண்ணீர் ஊற்றி வளர்த்ததை மாமா தன் கையாலேயே எடுத்தார். எடுக்கும்போது பாட்டு முணுமுணுத்தார் என்று கேள்வி. விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. அவர் ஷோரூமில் ‘இங்கு தங்கம் உள்ளிறக்கித் தரப்படும்’ என்று பெரிதாக ஒரு பலகை மாட்டிவிட்டார். புதுசுல ஏது அழுக்கு என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவர்கள் எல்லாம் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். மாமா ஒவ்வொருவரிடமும் “அது துருங்க” என்று பொறுமையாகச் சொல்கிறார். ஒவ்வொருவரும் அவரைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள். கொட்டகையில் அவருடைய பெயரும் மாறிவிட்டது.

“இப்ப இவரத் ‘தங்கம்’னு கூப்பிடறாங்களாம்” என்று அத்தை தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். “கட்டினவ நான் ஒரு நாள் கூப்பிட்டதில்ல.”

“இப்ப கூப்பிடேன்” என்றார் மாமா.

“பரவாயில்லை” என்றார் அத்தை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அத்தையும் சாப்பிட வருவதாக இருந்தது. நான் கூடத்துக்குள் வந்தபோது அப்பா தனியாக, கையில் ரொட்டிப் பையோடு, மாமா வழக்கமாக உட்காரும் நாற்காலியின் கைப்பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிக்கொண்டிருந்தார்.

“இங்க வாயேன்” என்று அம்மாவைக் கூப்பிட்டார். “இந்த நாற்காலி இப்படி சொரசொரன்னு இருக்கே. மச்சான் இத்தனை நாளா இதுலயா உட்கார்ந்தார்? யாருமே எங்கிட்ட சொல்லலையே?”

அம்மா அலமாரியில் தேடி ஒரு உப்புத்தாளை எடுத்து வந்து கொடுத்தார். அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கைப்பிடியைத் தேய்க்க ஆரம்பித்தார். வாசலில் மாமாவின் குரல் கேட்டது. அப்பா அவசரமாக நிமிர்ந்ததில் உப்புத்தாள் கை தவறிக் கீழே விழுந்தது.

அப்பா அதைத் தொடவில்லை.

“வேற குடு” என்றார் அம்மாவிடம்.